விதி ஏழும் கடைசி வளையமும்

விதி ஏழு: வாய்மொழியாகச் சொல்லப்படும் உத்தரவு உத்தரவு ஆகாது. நேரிலோ தொலைபேசியிலோ வாடிக்கையாளர் சொன்னதை, அவரே எழுத்தில் உறுதிசெய்யும்வரை, தொழிற்சாலையில் எவரும் செயல்படுத்தக் கூடாது.

நான் வேலை பார்த்த இசைத்தட்டுத் தொழிற்சாலையின் நடைமுறைக் கையேட்டில் மிகச் சுருக்கமான விதி இதுதான். மற்ற விதிகளுக்கெல்லாம் விலக்கு, விலக்குக்கு விலக்கு, அடிக்குறிப்பு என்று வால் நீளும். ஏழுக்கு மட்டும் வால் இல்லாமல் இருந்தது. அண்மையில் அதற்கும் ஒன்றை ஒட்டிவிட்டார்கள்: ‘வாடிக்கையாளரின் குரல் செய்தி எழுத்தாகவே கொள்ளப்படும்.’ புதிதாகச் சேர்ந்தவர்கள் காரணம் கேட்டிருக்கிறார்கள். என் இடத்தில் இப்போது இருக்கும் கவிதா, “அங்கிள், நீங்களே எழுதிக் குடுத்திருங்க லா, நான் சொன்னா அழுதுருவேன்” என்றாள். ஓய்வு பெற்றவனிடம் உலகம் எதிர்பார்க்கும் ஒரே உழைப்பு ஞாபகம் வைத்திருப்பதுதான். எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இயற்பியல் படித்தேன், ஆசிரியராவேன் என்று வீட்டில் நினைத்தார்கள், ஜோகூர் பாருவில் ஒரு கேசட் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கேசட் செத்தது. குறுந்தட்டுக்கு மாறினோம். அதுவும் செத்தது. இனி துக்கம் விசாரிக்க ஆளில்லை என்று இருந்த நேரத்தில், நாங்கள் பிறப்பதற்கு முன்பே வழக்கத்திலிருந்த கறுப்புத் தட்டு மறுபடி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பழைய அச்சு இயந்திரங்கள் கப்பலில் வந்தன. காது இன்னும் கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்து, செவிப்பரிசோதனைப் பிரிவுக்கு என்னைத் தலைமையாக்கினார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. எல்லாம் சின்னச் சின்ன லேபிள்கள். லேபிள் என்றால் இசையை வெளியிடும் நிறுவனம். இவர்கள் விஷயத்தில் நிறுவனம் என்பது ஒரு மடிக்கணினி, இரண்டு நண்பர்கள், ஒரு பிடிவாதம். சிங்கப்பூரிலிருந்து, ஜகார்த்தாவிலிருந்து, பினாங்கிலிருந்து வருவார்கள். நூறு தட்டு, இருநூறு தட்டு. மாதாமாதம் ‘புதிய வெளியீடு’ என்று இணையத்தில் அறிவிப்பார்கள். வானொலியில் வராது, கல்யாண மண்டபத்தில் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். முழுக்க மின்னணு இசை. சிலதில் தாளம் இருக்கும். சிலதில் குளிர்சாதனப் பெட்டிக்கு நெஞ்சுவலி வந்ததுபோல ஒரு முனகல் மட்டும் பக்கம் முழுவதும் ஓடும். நல்லதா கெட்டதா என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. எங்கள் வேலை ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார்.

புவான் ரொகாயா. உற்பத்திக் கட்டுப்பாட்டுத் தலைவர், என் மேலாளர். வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தாலும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். எத்தனையோ ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னை ‘என்சிக் செல்வா’ என்றுதான் அழைப்பார்; மலாயில் என்சிக் என்றால் திரு, புவான் என்றால் திருமதி. ஒவ்வோர் உத்தரவையும் வரிக்கு அடியில் விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பார். ‘நினைக்கிறேன்’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மாதிரித் தட்டில் யாராவது ஒரு சந்தேகச் சத்தத்தைக் கண்டுபிடித்தால், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார்: “கித்தா புன்யா, அத்தாவ் டியா புன்யா?” நம்முடையதா, அவர்களுடையதா? நம்முடையதென்றால் பழுது, சரிசெய்ய வேண்டும். அவர்களுடையதென்றால் இசை, தொடக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். ஒருமுறை, பக்கம் முழுவதும் பொரி வெடிப்பதுபோல் சத்தம் வந்த ஒரு தட்டைத் தூசி என்று எழுதி நிராகரித்தோம். அந்த லேபிள்காரர் மிகப் பணிவாகப் பதில் எழுதினார்: அந்தப் பொரியைப் பதிவுசெய்யத்தான் அவர் மூன்று வாரம் காட்டில் இருந்தாராம். இன்னொருமுறை ஊசியை எங்கே வைத்தாலும் அது வெளிப்பக்கமாக ஓடியது. அச்சு தலைகீழாகிவிட்டது என்று இயந்திரக்காரர் அஸ்மான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மையத்திலிருந்து தொடங்கி விளிம்பில் முடியும்படி வேண்டுமென்றே வெட்டப்பட்ட தட்டு அது. “அலமாக், இவனுங்களுக்குச் சோறும் காலுலேர்ந்துதான் ஏறுமா?” என்றார் அஸ்மான். எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழிலேயே திட்ட வரும்.

விதி ஏழு பிறந்த கதையும் இப்படித்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், “முதல் பக்கத்தை இரண்டாம் பக்கமாக்கிடுங்க” என்றார். எங்கள் ஆள் ஒருவர் மாற்றினார். முழுத் தொகுதியும் அச்சாகிப் பெட்டியில் ஏறிய பிறகு, அப்படி நான் சொல்லவே இல்லை என்றார் அதே வாடிக்கையாளர். சொன்னாரா இல்லையா என்பது கடவுளுக்கும் தொலைபேசிக்கும்தான் தெரியும். மாற்றிய ஆளுக்கு வேலை போனது. அன்று மாலை புவான் ரொகாயா உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியங்களை எழுதினார். ஆகவே அதை இரக்கமில்லாத விதி என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு தொழிலாளிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று எழுதப்பட்டது.

இனி ஜெசிந்தா.

அவளும் லிம் என்ற, மூவார் ஊர்ச் சீன இளைஞனும் சேர்ந்து ஒரு லேபிள் நடத்தினார்கள். லிம் வீட்டில் நாற்காலி மேசை செய்யும் பட்டறை. எப்போது வந்தாலும் அவன் தலைமுடியில் மரத்தூள் இருக்கும். பட்டறையில் மிஞ்சும் மெல்லிய மரத்தகட்டைத்தான் தட்டுகளுக்கு உறையாக ஒட்டி விற்றார்கள். ஜெசிந்தா சாஆ என்ற சிற்றூரைச் சேர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர், அம்மா இல்லை, உடன்பிறப்பும் இல்லை. ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். மற்றவர்களின் இசையைத்தான் அதுவரை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளுடையதே முதல்முறையாக வருகிறது.

உத்தரவு கொடுக்க இருவரும் நேரிலேயே வந்தார்கள். அவள் வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“அங்கிள், நீங்கதான் எல்லாத் தட்டையும் கேட்பீங்களாமே. எங்களோட போன தட்டு எப்படி இருந்துச்சு?”

“பழுது எதுவும் இல்லம்மா.”

“அதைக் கேக்கல. புடிச்சுதா?”

“அதுக்குக் கையேட்டுல இடமில்ல.”

அவள் லிம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்து, மலாயில் சொன்னாள்: “டேய், இவருக்குப் புடிச்சிருக்குடா.”

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சொல்லவில்லை, அதற்கும் கையேட்டில் இடமில்லை.

எங்கள் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு வந்ததும் முதலில் மென்தகட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு. அச்சிலிருந்து சில மாதிரித் தட்டுகள். மாதிரியை மூன்று பேர் தனித்தனியாக, மூலப் பதிவைக் கேட்காமல் கேட்க வேண்டும். மூலத்தைக் கேட்டுவிட்டால் காது மன்னிக்கத் தொடங்கிவிடும். ஒரு மாதிரி வாடிக்கையாளருக்குப் போகும். அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் உற்பத்தி.

ஜெசிந்தாவின் மாதிரியை மூன்று பேரும் கேட்டோம். மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரே குறிப்பை எழுதியிருந்தோம்: இரண்டாம் பக்கம், கடைசித் துண்டு, சுற்றுக்கு ஒருமுறை ‘ஸ்ர்ர்க்’ என்று ஓர் உரசல். எங்கள் தொழிலில் இது பாலபாடம். அச்சில் சூடு போதாவிட்டால் பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பாது. நிரம்பாத அந்த இடத்தை ஊசி கடக்கும்போதெல்லாம், தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, இப்படித்தான் கிழியும். நம்முடையது, சந்தேகமே இல்லை. அஸ்மான் சூட்டைக் கூட்டினார். அழுத்தத்தைக் கூட்டினார். குளிரும் நேரத்தை மாற்றினார். ஒரு பகல் முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, பிளாஸ்டிக்கைக் குற்றம் சொல்லி, கடைசியில் என்னைக் குற்றம் சொன்னார். உரசல் அப்படியே இருந்தது.

புவான் ரொகாயா மூலப் பதிவைத் திறக்க அனுமதித்தார். அதிலும் இருந்தது.

“அப்படியானால் அவர்களுடையதாக இருக்கலாம், அவர்களிடம் வரும்போதே இருந்த பழுதாகவும் இருக்கலாம்,” என்றார் மலாயில். “கேளுங்கள். ஊகிக்க வேண்டாம்.”

மாலையில் அழைத்தேன். ஜெசிந்தா சிங்கப்பூர்ப் பக்கம் பேருந்து வரிசையில் நின்றிருந்தாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

“கடைசித் துண்டுல ஒரு உரசல் வருதும்மா. சுத்துக்கு ஒருவாட்டி. அது உங்களோடதா, எங்களோடதா?”

அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். “என்னோடது அங்கிள்! இல்ல, எங்கப்பாவோடது. அருவா தீட்டுற சத்தம். தட்டு ஒரு சுத்து சுத்துறதுக்கும் அவர் கல்லுல ஒரு இழுப்பு இழுக்கிறதுக்கும் சரியா வர்ற மாதிரி வச்சேன். நீங்க பழுதுன்னு நெனச்சீங்களா?”

“அஸ்மான் ஒரு நாள் பூரா அதைச் சரிபண்ணப் பாத்தாரு.”

“ஐயோ பாவம். அவருக்கு ஒரு தட்டு ஃப்ரீ.” பிறகு குரல் மாறியது. “அங்கிள், நல்லவேளை கூப்ட்டீங்க. மாதிரியைக் கேட்டேன். கடைசி வளையத்துல சத்தமே இல்ல. அதுலயும் அந்த இழுப்பு ஓடணும்.”

கடைசி வளையம் என்பது தட்டின் மையத்தில் இருக்கும் மூடிய வட்டம். துண்டு முடிந்ததும் ஊசி அதற்குள் போய், வெளியேற வழியில்லாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரணமாக அதில் ஒலி இருக்காது. அதில் ஒலியை வெட்டினால், யாராவது வந்து ஊசியை எடுக்கும்வரை அது ஓயாது. உத்தரவில் குறிப்பிடாவிட்டால் மௌனமாகத்தான் வெட்டுவோம். அது விதி இருபத்திரண்டு.

“அது ஏம்மா? கேக்கிறவங்க மறந்துட்டாங்கன்னா ராத்திரி முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும்.”

“அதுக்குத்தான் அங்கிள். ஓடட்டும். யாராவது எழுந்து வந்து நிறுத்தட்டும். எங்கப்பா தீட்டிக்கிட்டே இருப்பாரு, நான்தான் போய், போதும்பா சாப்பிட வான்னு நிறுத்துவேன். இல்லன்னா நிறுத்தமாட்டாரு.”

“இரண்டாம் பக்கத்தை மறுபடி வெட்டணும். எழுதி அனுப்பிடும்மா.”

“சரி அங்கிள், ரூம் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிடறேன். பஸ் வந்துருச்சு.”

இதில் நான் செய்ததெல்லாம் சரி. இன்று அதே அழைப்பு வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் வருத்தம். தவறு செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம்.

பாலம் தாண்டி, ஜோகூர்ப் பக்கம் நிறுத்தி வைத்திருந்த தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் புறப்பட்டிருக்கிறாள். மழை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி. மறுநாள் காலையில் மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன், வரவில்லை. ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு’ என்று அட்டை எழுதி அச்சின்மேல் மாட்டினேன். மதியம் லிம் அழைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவான மலாயில் அவன் சொன்னது இரண்டே சொல்தான்: “சூடா தடா.” இல்லாமல் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு புவான் ரொகாயாவிடம் போனேன். நான் காதால் கேட்டதைச் சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

“என்சிக் செல்வா சொன்னால் நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது உத்தரவு ஆகாது.”

“அவளால் இனி எழுத முடியாது.”

“தெரியும். ஆகவே எழுதக்கூடியவர் யார் என்று பார்க்க வேண்டும்.”

லிம் எழுதலாமே என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். பெரிய நிறுவனமாக இருந்தால் ஒரு மேலாளரின் கையெழுத்தில் முடிந்திருக்கும். இந்தச் சின்ன லேபிள்களின் பெருமையே, இசை இசைத்தவருக்குத்தான் சொந்தம், லேபிள் வெளியிடுவதோடு சரி என்பதுதான். ஜெசிந்தாவே எழுதிய ஒப்பந்தத்தில் அது முதல் வரி. மற்றவர்களைக் காப்பாற்ற எழுதிய வரி அவளையே வழிமறித்து நின்றது. லிம்மும் அதை மீறச் சம்மதிக்கவில்லை. “மௌனமோ சத்தமோ, தேர்ந்தெடுக்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது அங்கிள்,” என்றான். மௌனமான மாதிரிக்கும் அவள் சம்மதம் தரவில்லை. ஆகவே எதையும் அச்சடிக்க முடியாது. அவர்கள் இணையப் பக்கத்தில் ‘புதிய வெளியீடு’ என்று அவள் தட்டின் படமும், கீழே ‘விரைவில்’ என்ற சொல்லும் அப்படியே நின்றன.

வாரிசு அவள் அப்பா. மாதிரித் தட்டு தொழிற்சாலையை விட்டு வாடிக்கையாளரிடம் மட்டுமே போகலாம். புவான் ரொகாயா வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டில் ‘வாடிக்கையாளரின் தந்தைக்கு’ என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை லிம்மின் வேனில், கையடக்கத் தட்டு இயக்கியோடு சாஆவுக்குப் போனோம்.

அவள் அப்பா ஆரோக்கியம் அண்ணன் என்னைவிடச் சில வயது மூத்தவர். தோள் இன்னும் குலை வெட்டியவரின் தோள்தான். வரிசை வீடு, பின்னால் தோட்டத்தின் செம்பனை தெரிந்தது. சுவரில் இயேசுவின் திருவிருதயப் படம். பக்கத்தில் சீருடையோடு ஜெசிந்தா. கோப்பி கலக்கி அவரே கொண்டுவந்து வைத்தார்.

“நீங்கதான் கடைசியா பேசினவராமே?” என்றார்.

“ஆமாங்கண்ணே.”

“என்னா பேசிச்சு?”

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பவில்லையா, இன்னும் சொல் என்கிறாரா என்று தெரியவில்லை.

லிம் தட்டை ஓடவிட்டான். முதல் துண்டு முழுவதும் தாழ்ந்த ஓர் இரைச்சல். ஆரோக்கியம் அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார். “இது என்னா, எண்ணெய் ஆலை ஓடுற மாதிரி இருக்கு? இதைக் காசு குடுத்து வாங்குவானுங்களா?”

நான் மொழிபெயர்த்தேன். “வாங்குவாங்க அங்கிள், ஜப்பான்லகூட வாங்குவாங்க,” என்று லிம் மலாயில் சொன்னான்.

“ஜப்பான்காரனுக்கு வேற வேலையில்ல,” என்றார். சிரித்தோம். அந்த வீட்டில் பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பாக அது இருந்திருக்க வேண்டும். சிரித்த மறுகணம் மூவருமே சுவரைப் பார்த்தோம்.

கடைசித் துண்டு வந்தது. ஸ்ர்ர்க். அவர் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். ஸ்ர்ர்க். துண்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு ஊசி மௌனமான கடைசி வளையத்தில் விழுந்து, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எவரும் எழுந்து எடுக்கவில்லை.

“ஒரு லீவுல வந்தப்ப சின்ன மெசின் ஒண்ணு கொண்டாந்துச்சு,” என்றார். “பின்னால தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து, அப்பா நீ தீட்டு, பேசாதன்னுச்சு. நான் சும்மா இருப்பனா? இதைப் புடிச்சு வச்சு என்னா புள்ள பண்ணப் போறேன்னு கேட்டுப்புட்டேன். பேசாதன்னு சொன்னேன்ல, எல்லாம் கெட்டுப்போச்சுன்னு திட்டிச்சு. மறுபடி தீட்ட வச்சுச்சு. அருவா அன்னிக்குத் தேஞ்சே போச்சு.” குவளையைத் தள்ளி வைத்தார். “வேலையை விட்டுப்புட்டு இந்தச் சத்தத்தோட திரியப் போறியான்னு அப்புறம் ஒரு நாள் கத்தினேன். அதுக்கப்புறம் இதைப் பத்தி எங்கிட்டச் சொல்லவே இல்ல. நான் இதுல இருக்கேன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

லிம் தலை குனிந்துகொண்டான். தமிழ் புரியாவிட்டாலும் சில பேச்சு புரியும்.

எனக்கு வேலை இருந்தது. கடைசி வளையத்தில் சத்தம் ஓட வேண்டுமா, மௌனமாக இருக்க வேண்டுமா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதுகிறேன், கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

“எழுதத் தெரியும் சார். எஸ்டேட் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான்,” என்றார். பிறகு கேட்டார்: “நான் ஒண்ணு சொல்லிட்டா என்னா நடக்கும்?”

“பள்ளம் வெட்டி, அச்சடிச்சு, தட்டு வெளியாயிரும்.”

“அதுக்கப்புறம்?”

“அவ்வளவுதாண்ணே. வேலை முடிஞ்சிரும்.”

“ஜெசி வேலை?”

நடைமுறை தெரிந்தவன், நடைமுறையைச் சொன்னேன். “ஆமாங்கண்ணே. அது குடுத்த வேலை முடிஞ்சிரும்.”

அவர் சுவரைப் பார்த்தார். வெளியே யாரோ மோட்டாரில் போனார்கள்; சத்தம் தேயும்வரை காத்திருந்தார்.

“அப்ப இருக்கட்டும் சார். அவசரமில்ல. கோப்பி ஆறுது, குடிங்க.”

திரும்பி வந்து அறிக்கை கொடுத்தேன். புவான் ரொகாயா வழக்கம்போல விரல் வைத்துப் படித்தார். ‘அவசரமில்லை’ என்ற இடத்தில் விரல் நின்றது.

அடுத்த சிக்கல் விதி முப்பத்தொன்று. சம்மதம் கிடைக்காத அச்சை ஓராண்டுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. உருக்க அனுப்ப வேண்டும். அலமாரி இடம் காசு என்பது நிர்வாகத்தின் வேதம். ஆண்டு முடியும் நேரத்தில் கிடங்கிலிருந்து ஆள் வந்தான். ஜெசிந்தாவின் அச்சு அவன் பட்டியலில் இருந்தது. நான் எதிர்பார்த்தது வேறு. புவான் ரொகாயா விதியை விரல் வைத்துப் படித்து, அச்சை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

விரல் வைத்துத்தான் படித்தார். மெதுவாக, இறுதிவரை, பிறகு அடிக்குறிப்பையும். “‘வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்ட கேள்வி நிலுவையில் இருக்கும் அச்சுகள் இக்கணக்கில் சேரா.’ கேள்வி நிலுவையில் இருக்கிறதா, என்சிக் செல்வா?”

“இருக்கிறது.”

“அதற்கு ஆதாரம்? கடைசியாக எப்போது கேட்டீர்கள்?”

“சாஆவுக்குப் போனபோது.”

“பழையதாகிவிட்டது. இன்றே மறுபடி கேளுங்கள். இனிமேல் ஒவ்வொரு காலாண்டும் கேளுங்கள். தமிழில் எழுதுங்கள்.” கிடங்கு ஆளைப் பார்த்து, “நிலுவை. போகலாம்,” என்றார்.

அந்த அடிக்குறிப்பை இயற்றியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கையேடு முழுவதும் அவர் எழுதியதுதான். மனிதர்களுக்குத் தரமுடியாத அவகாசத்தை அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருப்பார்.

ஆக, காலாண்டுக்கு ஒருமுறை நான் ஆரோக்கியம் அண்ணனுக்கு நினைவூட்டல் எழுதினேன். முதலாவது முழுக்கச் சட்டத் தமிழ்: ‘மேற்கண்ட உற்பத்தி தொடர்பாகத் தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்.’ பதில் இல்லை. இரண்டாவதில் ‘மேலான’ போனது. பிறகு ஒன்றில், இங்கே நல்ல மழை, அங்கேயும் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. புவான் ரொகாயா தமக்குப் புரியாத அந்தத் தமிழ்த் தாளிலும் விரல் வைத்துப் பார்ப்பவர்.

“இந்த முறை ஒரு வரி அதிகமாக இருக்கிறது. என்ன அது?”

“மழையைப் பற்றி.”

“உத்தரவுக்குத் தொடர்பு உண்டா?”

“இல்லை.”

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். “இருக்கட்டும்.”

ஆரோக்கியம் அண்ணன் பதில் எழுதவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு லிம் மூலமாக ஒரு டின் முறுக்கு வந்தது. மறு கிறிஸ்துமஸுக்கும் வந்தது. முறுக்கு பதில் ஆகாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அஸ்மான் மட்டும், “இது பதில்தான், உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல,” என்று சொல்லிக்கொண்டே பாதி டின்னை முடித்தார். லேபிள் பக்கத்தில் ‘விரைவில்’ அப்படியே இருந்தது. ஜப்பானிலிருந்து யாரோ, எவ்வளவு விரைவில் என்று கேட்டிருந்தார்களாம். லிம் அதற்கும் ‘விரைவில்’ என்றே பதில் போட்டானாம்.

எனக்கு ஓய்வு வந்தது. விருந்து, மாலை, மேலாளர் ஒருவரின் பேச்சு. என் பெயரைத் தவிர மற்ற எல்லாம் அவர் சரியாகச் சொன்னார். கவிதாவிடம் செவிப்பரிசோதனை அறையை ஒப்படைத்தேன். நிலுவை அலமாரியில் ஒரே ஓர் அச்சு. அதைக் காட்டி, காலாண்டுக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்றேன்.

“பதிலே வராத ஆளுக்கு ஏன் அங்கிள் எழுதணும்?”

“பதில் வந்துட்டா எழுத முடியாதும்மா. அதனால.”

அவளுக்கு அன்று புரிந்ததா என்று தெரியாது. ஆனால் எழுதினாள். புதிய தலைமுறை, தாளோடு தொழிற்சாலையின் வாட்ஸ்அப் எண்ணையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

பதில் அந்த எண்ணுக்குத்தான் வந்தது. எழுத்தில் இல்லை, குரலில். கவிதா அதைத் தூக்கிக்கொண்டு புவான் ரொகாயாவிடம் ஓடியிருக்கிறாள். “புவான், இது வாய்மொழி. விதி ஏழின்படி இது உத்தரவு ஆகாது,” என்று பயந்துகொண்டே சொன்னாளாம். அவர் ஒலிக்கவிட்டுக் கேட்டார். ஒரு சொல் புரியாது. மறுபடி ஓடவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இதில் உத்தரவு எந்தச் சொல்?” என்று கேட்டார்.

கவிதா அந்த இடத்தைக் காட்டினாள். அவர் மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு கையேட்டை எடுத்துவரச் சொன்னார். அந்தத் திருத்தம் அப்படித்தான் வந்தது, பிள்ளைகளே. தொழில்நுட்ப வளர்ச்சி என்று நிர்வாகச் சுற்றறிக்கையில் போட்டிருப்பார்கள். பெரிதுபடுத்த வேண்டாம்.

கவிதா அந்தச் செய்தியை எனக்கும் அனுப்பினாள். பின்னால் காற்றின் இரைச்சல். யாரோ தூரத்தில் செபம் சொல்கிறார்கள். செருமல். பிறகு அவர் குரல்:

“சார், நான் சாஆ ஆரோக்கியம் பேசுறேன். கடுதாசிலாம் வந்துச்சு. எல்லாத்தையும் வச்சிருக்கேன். இன்னிக்குப் புள்ளையைப் பாக்க வந்தேன். மெழுகுவத்தி ஏத்தி வச்சா நிக்கல, காத்து. நான் ஏத்த ஏத்த அணையுது. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவங்க ஒருத்தவங்க, போதும் அண்ணே, வாங்க, மழை வருதுன்னு கையைப் புடிச்சு எழுப்பி விட்டாங்க. யாருன்னே தெரியாது.” மறுபடி செருமல். “அந்தச் சத்தம் ஓடட்டும் சார். யாராச்சும் எழுந்து வந்து நிறுத்திக்கிடுவாங்க.”

அது வந்த நாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.